உடம்பு திரும்பக் கேட்கும் எடை

நாளொன்றுக்குச் சுமார் 2,300 கலோரி சாப்பிடுகிற ஒருவர் பத்து ஆண்டுகளில் 84 லட்சம் கலோரி சாப்பிட்டிருப்பார். அந்தப் பத்து ஆண்டுகளில் கல்யாண விருந்துகள் வந்து போயிருக்கும். காய்ச்சலில் கஞ்சியோடு படுத்துக் கிடந்த நாட்கள், தீபாவளிப் பலகாரம், சஷ்டி விரதம் எல்லாம் இருந்திருக்கும். எதையும் அவர் எண்ணிக்கொண்டு சாப்பிடவில்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. தினமும் அரை இட்லி அளவுக்கு, அதாவது நூற்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டாலே காகிதக் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு கிலோ ஏற வேண்டும். நூற்றில் ஐந்து பங்கு தவறினால் பத்து ஆண்டில் ஐம்பது கிலோவுக்கு மேல். எடை ஏற ஏற உடம்பின் செலவும் ஏறுவதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது என்பது உண்மைதான். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்குப் பத்து ஆண்டில் சில கிலோதான் கூடுகிறது. இவ்வளவு நுணுக்கமாக வரவையும் செலவையும் நேர்செய்வது யார்? நிச்சயமாக நாம் இல்லை. நேற்று மதியம் என்ன சாப்பிட்டோம் என்பதே நமக்கு ஞாபகம் இருப்பதில்லை.

இந்தக் கேள்விக்கான முதல் துப்பு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் கிடைத்தது. அங்கே ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. பரம்பரை ஆராய்ச்சிக்காகச் சுண்டெலிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் இடம். 1949இல் அங்கிருந்த குட்டிகளில் சில மட்டும் உருண்டு திரண்டு வளர்வதைப் பார்த்தார்கள். வளர்ந்தபோது அவை சாதாரண எலியைப்போல மூன்று மடங்கு எடை இருந்தன. தீனித் தொட்டியை விட்டு நகரவே இல்லை. ஒற்றை மரபணுக் கோளாறுதான் காரணம் என்று கண்டு, அதற்கு ‘ஓபி’ என்று பெயர் வைத்தார்கள். 1966இல் அதேபோல் குண்டான இன்னொரு வகை எலி கிடைத்தது. அதற்குக் கடுமையான நீரிழிவும் இருந்தது. அது ‘டிபி’.

டக்ளஸ் கோல்மன் என்ற உயிர்வேதியியலாளர் 1958இல் அந்த ஆய்வகத்துக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தவர். இந்த எலிகளின் இரத்தத்தில் ஏதாவது இருக்கிறதா, அல்லது இல்லாமல் போயிருக்கிறதா என்று பார்க்க நினைத்தார். அதற்கு அவர் கையாண்ட முறை கேட்கவே கொடூரமாக இருக்கும். இரண்டு எலிகளின் விலாப்பக்கத்துத் தோலைத் திறந்து ஒன்றோடு ஒன்று தைத்துவிடுவார்கள். காயம் ஆறும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் இணைந்து, ஒன்றின் இரத்தம் மெதுவாக மற்றதற்குள் போக ஆரம்பிக்கும். தலை இரண்டு, வயிறு இரண்டு, இரத்தம் மட்டும் பொது.

டிபி எலியைச் சாதாரண எலியோடு இணைத்தார். சில வாரங்களில் சாதாரண எலி செத்துப்போனது. திறந்து பார்த்தால் அதன் வயிற்றில் ஒன்றுமே இல்லை, இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. தீனி பக்கத்திலேயே இருந்தும் பட்டினியால் செத்திருக்கிறது. ஒட்டிக்கொண்டிருந்த டிபி எலியின் வயிறோ நிறைந்திருந்தது. அடுத்து ஓபி எலியைச் சாதாரண எலியோடு இணைத்தார். ஓபி குறைவாகச் சாப்பிட ஆரம்பித்தது, எடை ஏறுவது மட்டுப்பட்டது. கடைசியாக ஓபியையும் டிபியையும் இணைத்தார். இரண்டுமே குண்டு, இரண்டுமே தின்பதை நிறுத்தாதவை. இந்த ஜோடியில் ஓபி சாப்பிடுவதை நிறுத்தி, இளைத்துச் செத்தது. டிபி பாட்டுக்குத் தின்றுகொண்டே இருந்தது.

கோல்மன் 1973இல் இதற்குச் சொன்ன விளக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட இன்றும் மாற்ற வேண்டியதில்லை. ‘போதும்’ என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது. ஓபி எலியால் அதைச் சுரக்க முடியாது, ஆனால் இன்னொன்றின் இரத்தத்திலிருந்து வந்தால் அதற்குக் கட்டுப்படும். டிபி எலி அதை அளவுக்கு மீறிச் சுரக்கிறது, ஆனால் அதை உணரும் வழி அதன் மூளையில் கெட்டிருக்கிறது. அந்தப் பொருள் என்ன என்று அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை. உடல் பருமன் மனக் கட்டுப்பாடு சம்பந்தப்பட்டது என்று உறுதியாக நம்பிய காலம் அது. பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. அவர் 1991இல் ஓய்வு பெற்றார்.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் எட்டு ஆண்டுகள் உழைத்து ஓபி மரபணுவைக் கண்டுபிடித்து, 1994 டிசம்பரில் வெளியிட்டார். அது உருவாக்கும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர். வியப்பு எதிலென்றால், அந்த மரபணு வேலை செய்த இடம் கொழுப்புத் திசு. அதுவரை கொழுப்பு என்றால் உபரிச் சக்தி சும்மா கிடக்கும் கிடங்கு என்றுதான் மருத்துவம் நினைத்திருந்தது. அது மூளையோடு இடைவிடாமல் பேசும் ஒரு சுரப்பி என்பது அன்றுதான் தெரிந்தது. குதிரில் நெல் எவ்வளவு இருக்கிறது என்பதை வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, குதிரே உள்ளே வந்து சொல்லிவிட்டுப் போகிறது.

1995இல் ஓபி எலிகளுக்கு லெப்டினை ஊசியில் போட்டபோது இரண்டே வாரத்தில் அவற்றின் எடை 30 சதவீதம் குறைந்தது. குண்டு எலியும் ஊசி போட்ட எலியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் உரிமத்துக்காக 2 கோடி டாலர் கொடுத்தது. பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே எல்லாரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை சில குழந்தைகள் விஷயத்தில் முழுக்கப் பலித்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓராய்லி, சதஃப் ஃபரூக்கி என்ற இரு மருத்துவர்களிடம், பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் வந்தார்கள். உறவில் திருமணம் செய்துகொள்ளும் குடும்பம். சிறுமிக்கு 8 வயது, 86 கிலோ. அவளுடைய ஒன்றுவிட்ட தம்பிக்கு 2 வயது, 29 கிலோ. இருவரும் பிறக்கும்போது சாதாரண எடையில்தான் பிறந்தார்கள். சில மாதங்களில் பசி ஆரம்பித்தது. சாப்பிட்டு முடித்த உடனேயே மறுபடி பசி, கொடுக்காவிட்டால் அடங்காத அழுகை. இப்படி ஒரு குழந்தை இருக்கிற வீட்டில் தாய் என்னென்ன பேச்சு கேட்டிருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை. பரிசோதித்ததில் குழந்தைகளின் இரத்தத்தில் லெப்டின் இல்லவே இல்லை என்று தெரிந்தது. 1997இல் இது வெளியானது. மனிதரில் முதன்முதலாகக் கண்ட ஓபி கோளாறு.

சிறுமிக்கு 9 வயதில், 94 கிலோ எடையில், தினமும் லெப்டின் ஊசி போட ஆரம்பித்தார்கள். ஓர் ஆண்டில் 16 கிலோ குறைந்தது. அதைவிட என்னை அதிகம் தொடுவது பசியில் வந்த மாற்றம். இந்தக் குழந்தைகள் ஒரு வேளைக்குச் சாப்பிட்ட அளவு ஊசிக்குப் பிறகு 84 சதவீதம் வரைக்கும் குறைந்தது. யாரும் அவர்களுக்குப் புத்தி சொல்லவில்லை. தட்டைப் பிடுங்கவில்லை. இல்லாத ஒரு ஹார்மோன் வந்து சேர்ந்ததும், குழந்தை பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு விளையாடப் போனது. பேராசை என்றும் அடக்கமின்மை என்றும் ஊர் சொன்ன குணம் உண்மையில் ஒரு ஹார்மோன் குறைபாடு.

மற்றவர்களுக்கு லெப்டின் ஏன் உதவவில்லை? பருமனாக இருக்கும் பெரும்பாலானோரிடம் லெப்டின் குறைவாக இல்லை, மிக அதிகமாகவே இருக்கிறது. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடும், அதுதான் அதன் இயல்பு. ஏற்கெனவே நிரம்பியிருக்கிற செய்தியை இன்னும் கொஞ்சம் கூட்டினால் மூளை பொருட்படுத்துவதில்லை. 1999இல் வெளியான மனிதச் சோதனையில் சிலருக்குச் சில கிலோ குறைந்தது, பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. லெப்டினை மருந்தாக்கிப் பருமனை வெல்லும் கனவு அதோடு முடிந்தது.

ஆனால் அந்த ஏமாற்றத்துக்கு முன்பே பாஸ்டனில் ஜெஃப்ரி ஃப்ளையரின் குழு 1996இல் இதைவிட முக்கியமான ஒன்றைக் காட்டியிருந்தது. எலியைப் பட்டினி போட்டால் லெப்டின் சரிகிறது. சரிந்தவுடன் தைராய்டு தணிகிறது, இனப்பெருக்கம் தள்ளிப்போகிறது, உடம்பு சிக்கனத்துக்கு மாறுகிறது. பட்டினி கிடக்கும் எலிக்கு லெப்டினை மட்டும் ஊசியில் கொடுத்தால் இந்த மாற்றங்களில் பெரும்பகுதி நடப்பதில்லை. ஆக, லெப்டின் கூடும்போது மூளை மெத்தனமாக இருக்கிறது. குறையும்போது அலறியடித்துக்கொண்டு எழுகிறது. குண்டாவதைத் தடுக்க வந்த காவலாக இதைப் பார்த்தால் புரியாது. பஞ்சத்தில் சாகாமல் காப்பாற்ற வந்த காவல் இது. நம் முன்னோர்களில் அநேகமாக யாரும் கூடுதல் எடையால் முப்பது வயதுக்குள் செத்ததில்லை, பட்டினியால் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

இந்த அலறல் எப்படி இருக்கும் என்பது ஹார்மோன்களின் பெயரே தெரியாத காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், பட்டினியில் கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 1945இல் 24 வாரங்களுக்கு அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரிதான் கொடுக்கப்பட்டது. இன்று எடைக் குறைப்புத் திட்டங்கள் பல பரிந்துரைக்கும் அளவு அது. எடையில் கால் பங்கு குறைந்தது. ஜூலை வெயிலில் குளிர்கிறது என்று போர்வை கேட்டார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் இறங்கியது. படிப்பு, அரசியல், பெண்கள் எதிலும் நாட்டமில்லை. சமையல் புத்தகங்களை வாங்கி அடுக்கி, கதைப் புத்தகம்போல் படித்தார்கள். தட்டை நாக்கால் வழித்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை நெடுநேரம் வைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. கொள்கைக்காக ஊரையே எதிர்த்து நின்ற, மனஉறுதியில் யாருக்கும் சளைக்காத இளைஞர்கள் இவர்கள்.

சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றதும் நடந்ததுதான் நமக்கு முக்கியம். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசி அடங்கவில்லை என்று சொன்னார்கள். பழைய எடையைத் தொட்டதும் பசி நின்றுவிடவில்லை. இழந்த தசையும் மீளும்வரை தொடர்ந்தது, அதற்குள் முன்பிருந்ததைவிடக் கொழுப்பு கூடிவிட்டது.

லெப்டின் தனியாக வேலை செய்வதில்லை. இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஹார்மோனை ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் 1999இல் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன் இரத்தத்தில் ஏறி, சாப்பிட்டதும் இறங்கும். சாப்பாடு உள்ளே வந்ததும் குடலிலிருந்து சிசிகே, பிஒய்ஒய், ஜிஎல்பி-1 எல்லாம் புறப்பட்டு ‘போதும்’ என்கின்றன. இத்தனையும் போய்ச் சேரும் இடம் மூளையின் அடியில் பாதாம் பருப்பளவு இருக்கும் ஹைப்போதலாமஸ். அங்கே ஒரு வகை நரம்பணு பசியை எழுப்பும், பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு வகை அடக்கும். பசியை எழுப்பும் நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டினால், வயிறு நிறைந்த எலியும் சில நிமிடங்களில் தீனிமேல் பாய்கிறது. எடை குறைத்தவரின் உடம்பில் இவையெல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறு மாத உணவுக் கட்டுப்பாட்டில் எடையை 17 சதவீதம் குறைத்தவர்களுக்கு நாள் முழுவதுக்குமான கிரெலின் அளவு 24 சதவீதம் கூடியிருந்தது.

இந்தச் சாய்வு எவ்வளவு காலம் நீடிக்கும்? மெல்பர்னில் ஜோசப் பிரோய்ட்டோவும் ப்ரியா சுமித்ரனும் பருமனான 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். முடித்தவர்கள் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். அடுத்த ஓர் ஆண்டு ஆலோசனையோடு பராமரித்து, பிறகு இரத்தத்தை மறுபடி சோதித்தார்கள். இதற்குள் குறைந்ததில் ஒரு பகுதி திரும்ப ஏறியிருந்தது. ஆனாலும் லெப்டின் இன்னும் தாழ்ந்தே இருந்தது, கிரெலின் இன்னும் உயர்ந்தே இருந்தது, ‘போதும்’ சொல்லும் குடல் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. பசி உணவுக் கட்டுப்பாடு தொடங்குவதற்கு முன்பிருந்ததைவிட அதிகம் என்று அவர்களே சொன்னார்கள். 2011இல் இது வெளியானது. பருமன் பற்றி எழுதப்பட்டவற்றில் ஒன்றை மட்டும் எல்லா மருத்துவரும் படிக்க வேண்டும் என்றால், நான் இந்தக் கட்டுரையைத்தான் கையில் கொடுப்பேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ எடைக் குறைப்புப் போட்டியாளர்கள் 14 பேரை, அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் ஆறு ஆண்டுகள் கழித்துத் திரும்ப அழைத்துச் சோதித்தார். 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அவர்கள், அதில் 41 கிலோ திரும்ப வந்திருந்தது. போட்டி முடிந்த நாளில் அவர்களுடைய லெப்டின் மில்லிலிட்டருக்கு 41 நானோகிராமிலிருந்து இரண்டரைக்கு இறங்கியிருந்தது. அந்தக் கேம்பிரிட்ஜ் குழந்தைகளின் நிலைக்கு அருகில் என்று சொல்லலாம். ஆறு ஆண்டு கழித்தும், சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த கலோரி, அவர்கள் எடைக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்கு 500 குறைவு.

போட்டியாளர்கள் அதீத உதாரணம் என்று தள்ளலாம். அதே கெவின் ஹால் குழு 2016இல் செய்த இன்னொரு ஆய்வைத் தள்ள முடியாது. கனாக்ளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரை, இரத்தச் சர்க்கரையின் ஒரு பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றும். நாளுக்குச் சுமார் 360 கலோரி இப்படிப் போகிறது. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது தெரியாது. அவர் டயட்டில் இல்லை, எதையும் குறைக்கவில்லை, மன உறுதிக்கு அங்கே வேலையே இல்லை. ஓர் ஆண்டு முழுக்க மாத்திரை தொடர்ந்தது, சர்க்கரையும் வெளியேறிக்கொண்டே இருந்தது. எடை மூன்று நான்கு கிலோ குறைந்து நின்றுவிட்டது. ஏன் நின்றது? அவர்களை அறியாமலே சாப்பாடு கூடிவிட்டது. கணக்குப் போட்டதில், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி இறங்குகிறது, பசியோ ஏறக்குறைய 100 கலோரி ஏறுகிறது. எடைக் குறைப்பு நின்றுபோவதற்கு வளர்சிதை மாற்றம் மந்தமாவதைத்தான் எல்லாரும் காரணமாகச் சொல்வார்கள். உண்மையில் பசியின் பங்கு அதைப்போல மூன்று மடங்கு.

இதை ஒரு மருத்துவர் அறைக்குள் கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஆறு மாதம் இரவுச் சோற்றை விட்டு, காலையில் நடந்து, எட்டு கிலோ குறைத்த ஒரு பெண் ஓர் ஆண்டு கழித்து எடைப் பொறியில் ஏறுகிறார். ஆறு கிலோ திரும்பியிருக்கிறது. “என்னம்மா, கொஞ்ச நாள் நல்லாத்தானே இருந்தீங்க. வாயைக் கட்டுங்க, தானா குறையும்.” அவர் தலையைக் குனிந்துகொள்கிறார், ஏனென்றால் அது தன் குற்றம் என்று அவரும் நம்புகிறார். எட்டு கிலோ குறைத்த நாளில் அவர் உடம்பு நாளொன்றுக்கு 800 கலோரி அதிகம் கேட்க ஆரம்பித்திருக்கும், ஒரு முழுச் சாப்பாடு அளவு. செலவில் 200 கலோரியை மிச்சம் பிடித்திருக்கும். வீட்டில் எல்லாருக்கும் சமைத்துப் பரிமாறிக்கொண்டே, அந்தக் கூடுதல் பசியோடு அவர் மாதக்கணக்கில் நின்றிருக்கிறார். அவரிடம் மன உறுதி இல்லை என்று சொல்ல யாருக்கும் தகுதி கிடையாது.

இப்போது வந்திருக்கும் ஊசிகள் பலிப்பதற்கும் இதுதான் காரணம். செமாக்ளூடைட், குடலின் ஜிஎல்பி-1 ஹார்மோனைப்போலவே நடந்துகொள்ளும், ஆனால் நிமிடங்களில் கரையாமல் ஒரு வாரம் நிற்கும். 2021இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. டிர்செபடைட் அதையும் தாண்டி 20 சதவீதத்தைத் தொட்டது. 2025இல் இரண்டும் எடைக் குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்தன. மனிதர்கள் திடீரென்று ஒழுக்கசீலர்களாகிவிடவில்லை. மூளைக்குப் போகும் செய்தி மாறியது, பசி இறங்கியது. ஊசியை நிறுத்திய ஓர் ஆண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இதைக் காட்டி மருந்து ஏமாற்று என்கிறவர்களுக்கு விஷயம் புரியவில்லை. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறும், அதை யாரும் மாத்திரையின் தோல்வி என்று சொல்வதில்லை. ஆனால் குமட்டலும் வாந்தியும் தசை இழப்பும் இதில் உண்டு, சந்தைக்கு வந்தபோது விலையும் சாதாரணமாக இருக்கவில்லை. காலம் முழுக்கத் தொடர வேண்டிய மருந்தாக இதை யார் எடுக்கலாம் என்பது மருத்துவரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டியது.

ஊசி எட்டாதவர்களுக்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைத் தேர்ந்தெடுத்து, மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு உணவில் சர்க்கரையும் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைக்கவும், தினமும் அரை மணிநேரம் வேகமாக நடக்கவும் சொல்லி, அதில் நிலைத்திருக்கத் தொடர்ந்து உதவினார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவு பலன். நடந்து நோயைத் தள்ளிப்போட்ட அந்தப் பிரிவினரின் சராசரி எடை, ஆய்வு தொடங்கியபோது இருந்ததிலிருந்து குறிப்பிடும்படி மாறவே இல்லை.